குளிர்ந்த பாதங்கள்

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு கைக்குழந்தை இருந்தால் போதும், அவள் கை சும்மா இருக்காது. பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிடுவாள். சில்லென்று இருந்தால் தாயிடம் சொல்லி மூட வைப்பாள். தெரியாதவர்கள் முறைப்பார்கள். தெரிந்தவர்கள் அவளுக்குப் ‘பாதம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நர்ஸாகப் பல வருடம் பிரசவ அறையில் நின்றவள், பிறகு மேலே படித்து ஆராய்ச்சிக்கு வந்தாள். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் கணவனுக்கு அவள் வேலை இன்னதென்று கடைசிவரை பிடிபடவில்லை. மாமியாருக்குப் பிடிபட்டுவிட்டது. “ஊர்ப் பிள்ளைங்க காலைத் தொட்டுப் பாக்கச் சம்பளம் குடுக்குறாங்க. நம்ம வீட்ல சோறு ஆறிப்போறதைத்தான் யாரும் தொட்டுப் பாக்கல” என்பார்.

ஆராய்ச்சி பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரே மாதிரி நடந்தது. செய்யவேண்டியது எளிது. பிறந்த குழந்தையை நன்றாகத் துடைத்து, தாயின் வெறும் மார்பில் போட்டு, மேலே துணி போர்த்திவிட வேண்டும். தாயின் உடம்புச் சூடே குழந்தைக்குப் போதும். மற்ற இடங்களில் பெரும்பாலும் இது நன்றாகவே போயிற்று. இவளுடைய ஆஸ்பத்திரியில் கணக்கு உதைத்தது. குழந்தைகள் குளிர்ந்துபோயிருந்தன.

பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. “மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் பழையபடி ஹீட்டருக்குக் கீழதான்” என்றார்.

இருந்தது இரண்டே ஹீட்டர். அதில் ஒன்று நின்றால் தட்டித் தட்டித்தான் உயிர் வரும். கூட்டமான நாளில் நல்ல குழந்தையையும் நோயுள்ள குழந்தையையும் சேர்த்து அதன் கீழ் அடுக்குவார்கள். ஒன்றுக்குத் தொற்றியது அடுத்ததற்கும் தொற்றும். அப்படிப் போன குழந்தைகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தவள் அவள். திரும்ப அந்த நிலைமைக்கு விடுவதாக இல்லை.

தெர்மாமீட்டர்களைச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் மாற்றினாள். மின்விசிறியைச் சந்தேகப்பட்டாள். கடைசியில், வார்டில் சொன்னபடி செய்வதில்லை போலிருக்கிறது என்று மேலிடத்தில் ஒரு வார்த்தை போட்டும் வைத்தாள். எண்கள் மேஜைக்கே வந்து சேர்ந்துகொண்டிருந்ததால், பிரசவ அறைக்குள் அவள் காலடி வைத்தே நாளாகியிருந்தது. அது உறைத்ததும் எழுந்து போய், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சுவரோரம் நின்றாள்.

குழந்தை பிறந்தது. துடைத்தார்கள், மார்பில் போட்டார்கள், போர்த்தினார்கள். எல்லாம் ஒழுங்கு. கொஞ்ச நேரத்தில் ஆயா வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். இவளும் பின்னாலேயே போனாள். காற்று வீசும் நடைவழியைத் தாண்டி எடை பார்க்கும் அறை. தராசில் வேறு குழந்தை இருந்ததால் அங்கே நின்றார்கள். பிறகு இரும்புத் தட்டில் வெற்றுடம்பாகக் கிடத்தி எடை பார்த்தார்கள். திரும்பி வரும்போது குழந்தை பார்சல் மாதிரி சுற்றப்பட்டிருந்தது. தாயின் நைட்டிக்கு மேல் வைத்துவிட்டு ஆயா அடுத்த வேலைக்குப் போனாள்.

எதற்குத் தூக்கினீர்கள் என்று தலைமை நர்ஸிடம் கேட்டாள். எடைக்கு என்று பதில் வந்தது.

“அதுக்கு இப்ப என்னக்கா அவசரம்?”

தலைமை நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “பொறந்ததும் எடை பாக்கணும்னு சொன்னது நீங்கதானே? உங்க ஆராய்ச்சி வர்றதுக்கு முன்னாடி நிதானமாத்தான் பாத்தோம். நாங்க சொன்னபடி செய்யலைன்னு மேல சொல்லி வெச்சீங்களாம். ஆரம்பத்துலேருந்தே எழுத்துப் பிசகாமத்தான் செய்யறோம்.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஆராய்ச்சியின் செய்முறைத் தாளில் அந்த வரி அவள் எழுதியதுதான். எல்லா நாட்டுக்கும் சேர்த்து எழுதியது. மற்ற இடங்களில் பெரும்பாலும் தராசு கட்டிலருகே இருந்தது. இங்கே எங்கே இருக்கிறதென்று அவள் பார்க்கவே இல்லை.

“தப்பு என் மேலதான்க்கா.”

“அது கெடக்கட்டும். இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

முதல் பால் குடித்த பிறகே எடை என்று வரியை மாற்றினாள். அதற்கு வெளிநாட்டிலிருந்த ஆராய்ச்சித் தலைவரின் சம்மதம் வேண்டும். எல்லா நாட்டுக்காரர்களும் பேசும் தொலைபேசிக் கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஒரு அடிக்குறிப்பு போட்டுவிட்டு அப்படியே போகலாமே என்றார் தலைவர், நல்லெண்ணத்தோடுதான். மார்பில் இருக்கவே விடாத குழந்தைகளைக் காட்டி அந்த முறை தோற்றதென்று எழுத முடியாது என்றாள் அவள். தன் வார்டின் எண்களை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து எடுப்பதாகச் சொன்னாள். இத்தனை நாள் உழைப்பும் போயிற்று. அந்த வருடம் வரவேண்டிய கட்டுரையும் போயிற்று. இன்னொரு நாட்டிலிருந்து ஒரு பெண் குரல், எங்கள் ஊரிலும் தராசு வெளியேதான் இருக்கிறது, போய்ப் பார்க்கிறேன் என்றது.

மறுநாளிலிருந்து அவள் பிரசவ அறையிலேயே நின்றாள். வீட்டில் சோறு ஆறியது. ஆயாவின் கை பழக்கத்தில் குழந்தைக்கு நீளும்போதெல்லாம் குறுக்கே கையை வைத்தாள்.

“அங்கயே இருக்கட்டும்மா. எடை எங்கயும் ஓடிடாது.”

மாசக் கடைசியில் பெரிய டாக்டர் வந்தார். அவள் நீட்டிய தாள்களை வாங்காமல் கட்டில் பக்கம் பார்த்தார். அவள் போர்வையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினாள்.

“நீங்களே தொட்டுப் பாருங்க சார்.”

அவர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, குழந்தையின் கதகதப்பான பாதத்தைத் தொட்டார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“அந்தத் தட்டுற ஹீட்டரை ரிப்பேருக்கு அனுப்பிடுங்க” என்றார் தலைமை நர்ஸிடம். “இன்னொண்ணு நோயுள்ள குழந்தைங்களுக்கு மட்டும்.”

அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.