எனக்கு அக்கா முறையான டயர்

சின்ன வயதில் எனக்குச் சந்தேகம் அதிகம். டீச்சர் தலைவலி என்று சொன்னால்கூட நம்பமாட்டேன், கையில் மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். "இவ பொலிஸ்லதான் சேரணும்" என்று அம்மா அலுத்துக்கொள்வார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பதினொரு வயதில் அந்தச் சந்தேகம் முழுவதும் அப்பாவின் மேல் திரும்பியது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டிலிருந்து பதுளை டவுனுக்கு அப்பா மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவார். போகும்போது என்னைப் பின்னால் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். டவுனில் மட்டும் ஓடினால் மூன்று வருடம் தாங்கக்கூடிய டயர், எங்கள் தோட்டத்துக் கல்லுப் பாதையில் அதில் பாதிகூடத் தாங்காது. பின் டயரில் வரிகள் எல்லாம் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டது.

ஒரு நாள் டவுனில் டயர்க் கடைக்குப் போனோம். நானா என்று எல்லோரும் கூப்பிடும் கடைக்காரருக்குப் பேச்சென்றால் உயிர். "தேயாட்டியும் அஞ்சாறு வருசத்துக்கு மேல ரப்பர நம்ப ஏலாது தம்பி. காஞ்சிரும். மழைக்கு ரோட்டப் புடிக்காது" என்றார். டயரின் பக்கவாட்டில் சின்னக் கட்டத்துக்குள் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். முதல் இரண்டும் செய்த வாரம், அடுத்த இரண்டும் செய்த வருடம். டயருக்கும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் உண்டு என்று தெரிந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா, தீபாவளி முடியட்டும் நானா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

தீபாவளியன்று யாரும் எதிர்பாராமல் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. எங்களுக்குச் சொல்லாமல் லுணுகலையில் கல்யாணம் செய்துகொண்டவர். வேறு யாரோ சொல்லித்தான் அம்மாவுக்கே விஷயம் தெரிந்தது. அதிலிருந்து இரண்டு வருடமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி, பளபளவென்று ஒரு டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"தேஞ்ச டயர்ல புள்ளய ஏத்திக்கிட்டுப் போறீங்கன்னு சொன்னாங்க மச்சான். புத்தம் புதுசு. ஓடவே இல்ல."

அம்மா உள்ளே போய் அழுதுவிட்டு வந்து தோசை சுட்டார். அப்பா டயரைப் பின்பக்கம் எடுத்துப்போய் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அதை வண்டியில் மாட்டி, இரண்டு டயருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

அடுத்த நாளிலிருந்து நான் பஸ்ஸில்.

பிரேக் சரியில்லை என்றார். பிறகு, முதலாளி சாமான் ஏற்றச் சொல்கிறார் என்றார். பிறகு மழை என்றார். புது டயர் வந்தபிறகு பிள்ளையை ஏற்றாத தகப்பன் எங்காவது உண்டா? வழியில் வேறு யாரையோ ஏற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். அப்பா பஸ்ஸுக்குப் பின்னால் மெதுவாக வந்தார். இடமிருந்தும் முந்தவில்லை. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அதனால் என் சந்தேகம் இன்னும் கூடியது. ஒரு மழைநாளில் முழங்கை தேய்ந்து ரத்தத்தோடு வந்தார். படியில் வழுக்கிவிட்டதாம். எந்தப் படி என்று கேட்டேன். அப்பா காயத்தைக் கழுவப் போய்விட்டார்.

அப்புறம்தான் சந்தனம் என் கண்ணில் பட்டது. மழையில் முன் டயர்ப் பொட்டு போன இடம் தெரியவில்லை. பின் டயரில் மட்டும் ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, அப்பா வாராவாரம் புதிதாக அப்பிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கே வராத மனிதருக்கு டயரில் இவ்வளவு பக்தியா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஈர்க்குச்சியால் சுரண்டினேன். உள்ளே நாலு இலக்கம். கடைசி இரண்டையும் பார்த்தால், நான் பிறந்ததற்கு முந்திய வருடம்! அந்த டயர் எனக்கு அக்கா முறை. வரிகளுக்கிடையே மயிரிழை போல வெடிப்புகள் ஓடின. களவு பிடிபட்டுவிட்டது. கள்ளன் மாமாதான்.

அன்று மாமா மாமியை முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிவந்திருந்தார். அம்மா விடியற்காலையிலிருந்தே அடுப்படியில் நின்றார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்று, பொலிஸ்காரர் போலவே அறிவித்தேன்.

"மாமா குடுத்தது புது டயர் இல்ல. என்னைவிட மூத்தது!"

மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. மாமி தலையைக் குனிந்தார்.

"அது சைஸ் நம்பர் புள்ள" என்று அப்பா சிரித்தார். "இவளுக்கு எதுலதான் சந்தேகமில்ல?"

"நானா சொன்னாருதானே! நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

அன்றுவரை என்னைத் தொட்டு அடிக்காத அப்பா நங்கென்று தலையில் ஒரு கொட்டு வைத்தார். நான் ஓவென்று அழுதேன்.

"தேயவே இல்லியே மச்சான்... தேயாட்டி புதுசுதானேன்னு..." மாமா தட்டைத் தள்ளிவைத்தார்.

"புதுசுதான்டா. நீ சாப்புடு."

அம்மா அப்பாவின் முழங்கைக் காயத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு தம்பியின் தட்டில் இன்னும் இரண்டு கோழித்துண்டு வைத்தார். அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த வாரம், ஆணி ஏறிப் பாழாகிவிட்டது என்று மாமாவுக்குச் சொல்லிவிட்டு, அப்பா நானா கடையில் வேறு டயர் மாட்டினார். அந்த இலக்கத்தை நானே வாசித்துப் பார்த்தேன். அந்த வருடத்து டயர்தான். மறுபடி பின்னால் ஏறினேன். ஆனாலும் உண்மையைச் சொன்னவளுக்குக் கொட்டு, பொய் சொன்னவருக்குக் கோழியா என்று எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஒரு மாதம் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. வழியெல்லாம் அவர் இடுப்பைப் பிடிக்காமல் சீட்டின் கம்பியையே பிடித்துக்கொண்டு போனேன்.

டயரைத் துடைத்த அன்றே அப்பா அந்த இலக்கத்தை வாசித்திருப்பார். அம்மாவுக்குத் தம்பி திரும்பக் கிடைத்த நாள் அது. அதனால் அதைச் சந்தனத்தால் மூடி, என்னை மட்டும் இறக்கிவிட்டு, மழைக்காலம் முழுக்க அந்த டயரில் அவர் தனியாக மலை இறங்கி ஏறியிருக்கிறார். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு, அப்பா உயிரோடு வீடு வருவாரா என்று ஒரு நாள்கூடச் சந்தேகம் வரவில்லை.