கண்ணம்மை கற்றுக்கொடுத்த ஆட்டம்

கண்ணம்மை கெட்டிக்காரி. இதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. இருக்கிற அரிசியில் வீட்டுக்கும் பொங்கி, திடுதிப்பென்று வந்து நிற்கிற விருந்தாளிக்கும் இலை போட்டுவிடுவாள். பிள்ளைகளை அடித்து வளர்க்கிற வழக்கம் அவளிடம் இல்லை. கசப்புக் கஷாயமோ, வாய்ப்பாடோ, எண்ணெய்த் தலைமுழுக்கோ, எதுவானாலும் அதை ஓர் ஆட்டமாக்கி, "யாரு ஜெயிக்கிறாகன்னு பாப்பமா?" என்று ஆரம்பித்துவிட்டால் போதும், இரண்டு பையன்களும் மறுபேச்சில்லாமல் செய்வார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் குறைந்திருந்தால் அவள் நன்றாக இருந்திருப்பாள்.

அவள் புருஷன் தண்டாயுதபாணி ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப் பார்த்தவர். பர்மாவில் அறுபத்து நாலாம் வருஷம் கடை கண்ணியெல்லாம் அரசாங்கத்துக்குப் போனபோது, கட்டிய வேட்டியோடும் ஒரு தகரப்பெட்டியோடும் கப்பலேறி வந்து சேர்ந்தார். வந்தவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர்தான். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் அவர்கள் குடியிருந்த வீட்டைத் தெருவிலிருந்து பார்த்தால் யாரும் வாய்பிளப்பார்கள். உள்ளே அதில் ஏழெட்டுப் பங்கு. இவர்களுக்கு வந்தது இருட்டான ஓர் அறையும், மழை பெய்தால் ஒழுகுகிற அடுப்படியும். இந்த வெளிப்பகட்டைக் காப்பாற்றுவதற்காகவே அந்த மனுஷர் கூலி வேலைக்கும் போகமுடியாமல், கும்பிட்டுக் கேட்கவும் முடியாமல் வீணாய்ப் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் காரைக்குடியிலிருந்து பங்காளி வீட்டார் வந்தார்கள். தண்டாயுதபாணிக்கு அண்ணன் முறை. அவருக்கும் அவர் மனைவி உமையாள் ஆச்சிக்கும் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் குழந்தை இல்லை. பிள்ளை கூட்டிக்கொள்வதென்றால், அதாவது சுவீகாரம் எடுப்பதென்றால், செட்டியார் சமூகத்தில் கண்ட இடத்தில் கேட்டுவிட முடியாது. ஒரே கோவில், ஒரே பிரிவுக்குள்தான் கேட்கவேண்டும். மூத்தவனைக் கொடுக்கிற வழக்கமில்லை. ஆகவே பத்து வயது இராமு தப்பினான். ஏழு வயது அழகுசுந்தரத்தைக் கேட்டார்கள்.

தண்டாயுதபாணி அன்றைக்கே சரி என்றார். கண்ணம்மையும் சரி என்றுதான் சொன்னாள். அங்கே போனால் பிள்ளை பாலும் சோறுமாக இருப்பான், நல்ல பள்ளிக்கூடத்தில் படிப்பான் என்று அவளுக்குத் தெரியாதா? தை மாதம் முகூர்த்தம் குறித்தார்கள். ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. அந்தப் பையனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்ததும் அவளுக்கு உறக்கம் போய்விட்டது. ஒருநாள் புருஷனிடம் வாய்விட்டே கேட்டாள்.

"இப்ப வேண்டாம்னு சொன்னா என்னங்க ஆகும்?"

"என்ன ஆகுமா? நாலு பேரு காறித் துப்புவாக. கொடுக்கிறோம்னு சொல்லிப்புட்டு வாய் மாறுனா நாளைக்கு இராமுவுக்கு எவன் பொண்ணு தருவான்?" என்றார் அவர். பிறகு குரல் தணிந்து, "பையன் அழுது அடம்பிடிச்சு வர மாட்டேன்னா அது வேற. அதுக்கு யாரும் குத்தம் சொல்ல மாட்டாக" என்றார்.

இந்தக் கடைசிப் பேச்சைக் கண்ணம்மை பிடித்துக்கொண்டாள்.

அழகுவுக்குக் கடல் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அப்பச்சி கப்பலில் வந்தாரே, அந்தக் கடல். மார்கழி அமாவாசையன்று தொண்டியில் கடலாடிவிட்டு வருவதாகச் சொல்லி, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு இரண்டு பையன்களோடும் முதல் பஸ்ஸில் ஏறினாள். தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு பாழடைந்த கோட்டை உண்டு. பிள்ளைகாத்த கோட்டை என்று பேர். அவள் பிறந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். அதனால் சிறுமியாக இருந்தபோது ஒருதரம் அங்கே போயிருக்கிறாள். அங்கே வைத்து அழகுவிடம் விஷயத்தைச் சொல்வது என்று நினைத்திருந்தாள். அவன் அழுதால், அடம்பிடித்தால், அதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

ஆனால் நேரே சொல்ல நா எழவில்லை. பஸ்ஸில் வழக்கம்போல ஓர் ஆட்டமாக ஆரம்பித்தாள்.

"இன்னைக்குப் பொழுதுக்கும் யாரும் என்னைய ஆத்தான்னு கூப்பிடக்கூடாது. சின்னாத்தான்னுதான் கூப்பிடணும். வாய் தவறுனவன் தோத்தான். ஜெயிச்சவனுக்கு வரும்போது தேவகோட்டையில தகரக் கப்பல்."

உறவு மாறினால் அவன் அவளை அப்படித்தான் கூப்பிடவேண்டும். உமையாள் ஆச்சி ஆத்தா ஆகிவிடுவாள், பெற்றவள் சித்தி முறையாகி ஒதுங்கவேண்டும். சபையில் பிள்ளை வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டால் அவனுக்குத்தானே அவமானம் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். அடி மனசில் இருந்தது வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒருநாள் முழுக்க அந்த வார்த்தையை விட்டு இருக்க முடியாது, ஒரே ஒருதரம் வாய் தவறிக் கூப்பிட்டாலும் கொடுப்பதில்லை என்று அவள் சாமியின் மேல் ஆணையாக முடிவு செய்திருந்தாள். ஆட்டத்தையும் அவளே வைத்தாள், தோற்கவேண்டும் என்று அவளே வேண்டிக்கொண்டாள்.

இராமு திருவாடானை வருவதற்குள் தோற்றுவிட்டான். "ஆத்தா, தண்ணி" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தான். அழகு கைகொட்டிச் சிரித்தான்.

தொண்டியில் இறங்கிக் கடலாடிவிட்டு, மணலில் நடந்து கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயிலே இல்லை. வானம் மூடிக் கிடந்தது. கோட்டையின் பாதி கடலுக்குள் சரிந்துவிட்டது, மீதிப் பாதியை உடைமுள் மூடியிருந்தது. ஆட்டுப் புழுக்கை நாற்றம். அலை வந்து கல்லில் மோதுவதும், உள்ளே எங்கோ பொந்தில் புகுந்து முனகுவதுமாக இருந்தது. பிள்ளைகளை ஏன்தான் இங்கே கூட்டிவந்தோமோ என்று அவளுக்கு அப்போதே மனசு கசந்தது.

"இதுக்கு ஏன் பிள்ளைகாத்த கோட்டைன்னு பேரு?" என்று கேட்டான் அழகு.

கண்ணம்மை கதை சொன்னாள். முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இந்தக் கோட்டையைக் கட்டினான், பகலில் கட்டுகிற சுவர் ராத்திரியில் கடலில் விழுந்தது. ஒரு தாய் மனசாரத் தன் மகனைக் கொடுத்தால்தான் சுவர் நிற்கும் என்று குறி சொன்னார்கள். ஓர் ஏழைத் தாய் கொடுத்தாள். இதுவரைக்கும் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், முடிவு எங்கே போகிறது என்று அப்போதுதான் உறைத்து, சட்டென்று மாற்றினாள். "ராசா அவனைத் தன் பிள்ளையா வச்சுக்கிட்டான். பட்டுத் துணி, குதிரை, எல்லாங் கொடுத்தான். சுவரு நின்னுருச்சு."

"பொய்யி" என்றான் இராமு. "எங்க வகுப்புல முத்துவீரன் சொன்னான். அவனை நிக்கவச்சு உசுரோட செவுத்துக்குள்ள வச்சுக் கட்டிட்டாக. காத்தடிச்சா இப்பவும் உள்ளயிருந்து கூப்பிடுவானாம்."

அழகு சுவரைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டு, ஜாக்கிரதையாகக் கேட்டான்: "அப்ப அந்தப் பையனோட சின்னாத்தா எங்க போச்சு?"

ஆட்டத்தில் அவனுக்கு இருந்த கவனத்தைப் பார்த்து கண்ணம்மைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே அடங்கிவிட்டது. இராமு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அங்குட்டு நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சாம்" என்றான்.

அவள் கட்டுச்சோற்றைப் பிரித்தாள். இலை காற்றில் பறந்துவிடாமல் கல் வைக்க வேண்டியிருந்தது. சொல்லிவிடவேண்டும், இப்போதே சொல்லிவிடவேண்டும் என்று நினைத்து நினைத்துப் புளியோதரையை உருட்டி உருட்டிக் கொடுத்தாளே தவிர வாய் திறக்கவில்லை. "சின்னாத்தா, இன்னுங் கொஞ்சம்" என்றான் அழகு. அரைப் பகலுக்குள் அந்த வார்த்தை அவன் வாயில் எவ்வளவு இயல்பாகிவிட்டது!

சாப்பிட்டுவிட்டுப் பையன்கள் ஒளிந்து விளையாடப் போனார்கள். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டு அவள் திரும்பியபோது இராமு மட்டும் தனியே நின்றான்.

"அழகுவைக் காணோம். எங்குட்டுத் தேடியும் இல்ல."

"அழகு!" என்று கத்தினாள். அலைச் சத்தந்தான் கேட்டது. முள்ளை விலக்கி உள்ளே ஓடினாள். சேலை கிழிந்தது. கடல் பக்கம் எட்டிப் பார்க்கப் பயந்து பயந்து எட்டிப் பார்த்தாள். நுரை மட்டும் தெரிந்தது. முருகா, அவனைக் கொடுத்துவிடுகிறேன், எங்கே வேண்டுமானாலும் கொடுத்துவிடுகிறேன், உயிரோடு காட்டு என்று வாய்விட்டு அரற்றினாள். அப்படிச் சொன்னது தன் வாய்தான் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் நினைவில் தைத்தது.

அப்போது கல்லுக்கடியிலிருந்து ஒரு குரல் மெலிதாகக் கேட்டது.

"சின்னாத்தா... சின்னாத்தா..."

அந்தக் காலத்தில் வெடிமருந்து வைத்திருந்த நிலவறை அது. மேலே பாவியிருந்த கல் ஒன்று சரிந்து அவன் உள்ளே விழுந்திருக்கிறான். இடுப்பளவு உப்புத் தண்ணீர். கும்மிருட்டு. அவள் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். குச்சிக் கைகள் அவள் கையைப் பற்றின. இராமு அவள் காலைப் பிடித்துக்கொள்ள, இழுத்து மேலே போட்டாள். முழங்கால் இரண்டும் சிராய்த்து ரத்தம். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அவனைக் கட்டிக்கொண்டு, "ஏம்ப்பா இம்புட்டு நேரமாக் கூப்பிடல?" என்று அழுதாள்.

"கூப்பிட்டேன். மொதல்ல அது வாயில வந்துருச்சு. சொல்லாம முழுங்கிட்டேன்" என்றான் அவன், பல் கிட்டிக்க. "நான் தோக்கலைல்ல?"

எதிரே இருட்டும் தண்ணீரும் இருக்க, உயிர் போகிற பயத்திலும் அந்த வார்த்தையை அவன் விழுங்கியிருக்கிறான். இப்படிப்பட்ட பிள்ளையை என்ன சொல்லி நிறுத்திக்கொள்வது? இப்போதாவது, ஆட்டம் போதும், ஆத்தான்னு கூப்பிடு ராசா என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொடுத்துவிடுகிறேன் என்று சற்று முன் முருகனிடம் வேண்டிக்கொண்டது குறுக்கே நின்றது.

தேவகோட்டையில் தகரக் கப்பல் வாங்கிக் கொடுத்தாள். பஸ்ஸில் அதை நெஞ்சில் அணைத்தபடி அவள் மடியில் படுத்திருந்தவன், கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"இன்னும் ஆட்டம் முடியலையா?"

"இல்லப்பா" என்றாள். பிறகு அவன் முதுகைத் தடவிக்கொண்டே, மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். காரைக்குடி வீடு, பெரியப்பச்சி, உமையாள் ஆச்சி. அவன் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. "அண்ணன் வருமா?" என்று மட்டும் கேட்டான். வரமாட்டான் என்றாள். இராமு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் வரும்வரை அழுதான்.

தையில் சடங்கு நடந்தது. பிறந்த வீட்டு உறவு விட்டதற்கு அடையாளமாக மஞ்சள் நீர் குடிக்கக் கொடுத்து, மாலை போட்டு, பையனைப் புது மடியில் உட்கார வைத்தார்கள். கூட்டத்தில் யாரோ ஒரு பெரிய மனுஷர் விளையாட்டாக, "உங்க ஆத்தா யாரப்பு?" என்று கேட்டார். அழகு உமையாள் ஆச்சியைக் காட்டினான். "அப்ப அவுக?" என்று கண்ணம்மையைக் காட்டிக் கேட்டார். "சின்னாத்தா" என்றான் தடுமாறாமல். சபை கொல்லென்று சிரித்து மெச்சியது. "எம்புட்டு நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கீக!" என்று பெண்கள் கண்ணம்மையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

பிறகு அவள் வாழ்க்கையில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. தண்டாயுதபாணி முகப்பில் உட்கார்ந்தபடியே ஒருநாள் போய்ச் சேர்ந்தார். அழகு காரில் வந்து பங்காளிப் பிள்ளைகளோடு ஓரமாக நின்றுவிட்டுப் போனான். கொள்ளியெடுத்தவன் இராமு. அவன் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். கண்ணம்மை பலகாரம் சுட்டுக் கல்யாண வீடுகளுக்குக் கொடுத்துக் காலத்தைத் தள்ளினாள். காரைக்குடிக்கு அழைத்தால் ஒழியப் போகமாட்டாள். போனாலும் மற்ற உறவுக்காரிகளைப் போலத் தட்டில் பழத்தோடு போய், காபி குடித்துவிட்டு வருவாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அழகுவுக்கு டைபாய்டு சுரம் என்று ஆள் வந்து சொன்னான். வாரக்கணக்கில் இறங்கவில்லையாம், பிள்ளைக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறதாம். போட்டது போட்டபடி ஓடினாள். உமையாள் ஆச்சி ஒன்றும் குறை வைக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு, "இருங்க தங்கச்சி" என்றாள். ராப்பகலாய்க் கண்விழித்து அவள் முகமும் கறுத்துப்போயிருந்தது. இரண்டு பெண்களும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலில் மீசை அரும்பிய முகம், கண்ணம்மைக்குத் தெரிந்த நெற்றி, தெரிந்த காது.

மத்தியான நேரம் அவன் முனகினான். உதடு அசைந்தது.

"ஆத்தா... தண்ணி..."

கண்ணம்மை எழுந்துவிட்டாள். தான் எழுந்தது அவளுக்கே தெரியாது. கை கூஜாவிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டது. எதிர்ப் பக்கத்தில் உமையாள் ஆச்சியும் எழுந்திருந்தாள்.

அழகு கண்ணைத் திறந்து பார்த்தான். அவன் கை உமையாள் ஆச்சியின் முந்தானையைத் தேடிப் பிடித்தது. அவள் கண்ணம்மையின் கையிலிருந்து தம்ளரை வாங்கிப் புகட்டினாள். இரண்டு வாய் குடித்த பிறகுதான் இந்தப் பக்கம் ஒருத்தி நிற்பதை அவன் கவனித்தான். அத்தனை சுரத்திலும் அவனுக்கு மரியாதை தப்பவில்லை.

"வாங்க சின்னாத்தா. எப்ப வந்தீக? ஏன் நிக்கிறீக, உக்காருங்க" என்றான்.

கண்ணம்மை உட்கார்ந்தாள்.