பதினாலாம் எண் அறையில் அம்மா

ஓட்டலில் அவரை எல்லோரும் மடிப்பக்கா என்பார்கள். இருபது வருடமாகப் படுக்கை விரிக்கிறார். அவர் மடித்துச் செருகிய விரிப்பில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. கடலைப் பார்த்த குன்றின் உச்சியில், கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்து நின்ற பழைய வீடுகள் பன்னிரண்டை வாங்கி, இடைச்சுவரை உடைத்துக் கட்டிய சொகுசு ஓட்டல் அது. அதில் பதினாலாம் எண் அறைதான் மடிப்பக்கா பிறந்த வீடு.

கூரை ஒழுகுகிறது என்று அப்பா விற்றுவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். அம்மாவுக்கு ஞாபகம் தேய்ந்துகொண்டே வருகிறது. குன்றடியில் உள்ள அடுக்குமாடி வீட்டில், தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். "நம்ம வீட்டுக்குப் போலாம்டி." ஒரே பாட்டு.

இருபது வருடம் முடித்த ஊழியர் ஒருநாள் இலவசமாகத் தங்கலாம். மற்றவர்கள் மேல்மாடி அறைக்குச் சண்டை போடுவார்கள். மடிப்பக்கா பதினாலைக் கேட்டார். அம்மா ஒரே ஒரு தடவை "வந்துட்டோம்" என்று சொன்னால் போதும்.

"இன்னைக்கு நீங்க மகாராணி அக்கா. கூப்பிட்டா நான்தான் ஓடி வரணும்," என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"வந்துதான் பாரேன். துண்டு மடிக்கச் சொல்லியே உயிரை எடுத்துடுவேன்."

மதியம் இரண்டு மணி. நூற்றுப் பத்துப் படியை அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். பதினாலின் வாசல் நிலை தாழ்வானது. புதிதாக வருகிறவர்கள் இடித்துக்கொள்ளாமல் போனதில்லை. அம்மா யாரும் சொல்லாமலே தலை குனிந்து நுழைந்தார். மகளின் நெஞ்சு துள்ளியது.

"எங்க வந்திருக்கோம், தெரியுதாம்மா?"

அம்மா சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். அடுப்பு இருந்த மூலையில் இப்போது குளியல் தொட்டி.

"பெரிய மனுஷங்க எடம் போலிருக்கு. மெதுவா பேசுடி."

"நம்ம வீடும்மா. இந்த ஜன்னல்ல உக்காத்திதானே எனக்குத் தலை பின்னுவே?"

"போடி, கிறுக்கு! நம்ம வீட்டுல ஏது இவ்ளோ வெளிச்சம்?"

கட்டில் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். எழுந்தபோது விரிப்பு கசங்கியிருந்தது. மடிப்பக்காவின் கை சும்மா இருக்குமா? குனிந்து, இழுத்து, மூலையை மடித்துச் செருகினார். நிமிர்ந்தால், அம்மாவின் முகத்தில் அந்நியரிடம் காட்டும் மரியாதை.

"நல்லா வேலை செய்றீங்க. என் பொண்ணும் இங்கதான் இருக்கா. அவளைப் பாத்தா, அம்மாவைக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா? வீட்டுல அவங்கப்பா காத்துட்டிருப்பாரு."

நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தார்.

"சொல்றேங்க," என்றார் கடைசியில்.

வெளியே வந்து கதவைச் சாத்தினார். சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். அழுகை ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

"வந்துட்டேம்மா."

"இப்பதான் உன்னை விட்டாங்களா? வாடி, போலாம்."

அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறங்கினார். வெயில்கூட இன்னும் தாழவில்லை. பாதி வழியில் அம்மா நின்றார்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டோமேடி. பாவம், நல்ல பொண்ணு."