நீல டிரெய்லரைத் தேடிப் போனது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். எழுதினால் என் மாமா பொய் சொன்னவர் என்று ஆகிவிடும். எழுதாவிட்டால் ஒரு நல்ல மனுஷர் எங்கள் தெருவில் கெட்டவராகவே இருந்துவிடுவார். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் விளக்கேற்றும்போது "அடுத்த வருஷம் எழுதிடுறேன் தாயே" என்று சொல்லித் தள்ளிப் போட்டேன். இந்த வருஷம் எங்கள் தெருப் பிள்ளைகள் அவரைப் பற்றின கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததைக் காதால் கேட்டேன். அதற்குமேல் பொறுக்கவில்லை. நான் பத்தாவதோடு நின்றவள். எழுத்தில் குறை இருந்தால் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அப்போது நான் ஐந்தாவது படித்தேன். அம்மை போட்டு இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் அனுப்பவில்லை. வீட்டில் இருந்தால் "படுடி, படுடி" என்று அம்மா விரட்டுவாள். அதனால் மாமாவின் வெல்டிங் பட்டறைக்கு ஓடிவிடுவேன். மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி. பட்டறை எங்கள் தெரு மாரியம்மன் கோயிலை ஒட்டினாற்போல் இருந்தது. கோயில் சாமான் பாதி அங்கேதான் கிடக்கும்.

ஒருநாள் காலையில் பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை முடியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக ஒரு பெரியவர் இறங்கினார். நிறம் நம்மைப் போலத்தான், பேச்சும் நம் பேச்சுதான். ஆனால் பிரான்சில் குடியிருப்பவர். அப்படிப்பட்ட பெரியவர்களை எங்கள் ஊரில் முசே என்றுதான் கூப்பிடுவோம். மாமா கைலியை இறக்கிவிட்டு ஸ்டூலைத் தட்டிப் போட்டார். எனக்குத்தான் டீ வாங்கிவர ஓட்டம்.

முசே சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தார். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. முன்னால் ஒரு ரேஸ் கார், மூக்கு நீண்டு விரால் மீன் மாதிரி. அதன் பின்னால் ஒரு லாரி, லாரிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர். காரின் மேல் சாய்ந்து இரண்டு இளவட்டங்கள்.

"இது நான், இது எங்கண்ணன். அவன் ரேஸ் ஓட்டுவான். நான் லாரியில காரை ஊர் ஊரா இழுத்துக்கினு போவேன். எல்லாமே நீலப் பெயிண்ட்" என்றார் முசே. "அண்ணன் போயிட்டான். காரை மட்டும் கண்டுபிடிச்சு ஓடுற மாதிரி பண்ணிட்டேன். லாரியும் டிரெய்லரும் இந்த ஊர்லதான் வித்தோம். அதுங்களும் கிடைச்சா, இந்தப் போட்டோவில இருக்கிற மாதிரியே ஒரு தடவை நிறுத்திப் பாத்துடணும். அவ்ளோதான் ஆசை."

"டிரெய்லருக்கு அடையாளம் ஏதாச்சும் இருக்கா முசே?"

"ரொம்பத் தாழ்வா இருக்கும். கார் இறக்குற இரும்புப் பலகை ரெண்டும் அடியிலயே சொருகியிருக்கும். இழுக்குற கொக்கிக்குக் கீழே எங்கம்மா ஒரு மாதா பதக்கத்தை வெச்சுப் பத்த வெச்சாங்க, புள்ளைங்க முழுசா வீடு திரும்பணும்னு."

மாமா கையிலிருந்த வெல்டிங் ராடு கீழே விழுந்தது. குனிந்து அதை எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நிமிர்ந்தவர், "பாத்த மாதிரி இருக்கு முசே. இங்க இல்ல, நோணாங்குப்பம் பக்கம்" என்றார்.

வாசிக்கிறவர்களிடம் நான் எதையும் மறைக்கப் போவதில்லை. முசே டீ கிளாசை வைத்திருந்ததே அந்த டிரெய்லர் மேல்தான். தார்ப்பாய் போட்டு மூடிய அதன் ஓரத்தில்தான் நானும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது அம்மன் வண்டி. காயலான் கடையிலிருந்து மாமா அதை வாங்கி வந்து, மஞ்சளும் சிவப்பும் அடித்து, அம்மனுக்கென்று கொடுத்தது நான் பிறப்பதற்கு முன்னால். அதற்கு முன் மாசி மகத்துக்கு அம்மன் டிராக்டர் பெட்டியில் போவாளாம். அது உயரம், குழந்தைகளுக்கு முகம் தெரியாது. போகிற வழியெல்லாம் குலுக்கி, கிரீடம் சாய்ந்துவிடும். இந்த வண்டியிலோ பூப்போலப் போவாள். கடற்கரையில் அந்த இரும்புப் பலகைகளை இழுத்து மணலில் சாய்த்தால் அலுங்காமல் இறங்குவாள்.

மாசி மகத்துக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. எனக்கு அம்மை இறங்கினால் அம்மன் காலடியில் உட்கார வைத்துக் கடலுக்கு அனுப்புவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். முசே வாயைத் திறந்து கேட்டால் எங்கள் கோயில் தலைவர் அந்த நிமிஷமே தூக்கிக் கொடுத்துவிடுவார்; அத்தனை இளகின மனசு. வேறு வண்டி செய்ய நாள் இல்லை. அம்மன் கடலுக்குப் போகமாட்டாள், அம்மாவின் வேண்டுதலும் நின்றுபோகும். மாமா அந்தப் பொய்யைச் சொன்னது அதற்காகத்தான். இது எதுவும் அன்று எனக்குத் தெரியாது. "நானும் வரேன் மாமா!" என்று குதித்ததுதான் எனக்குத் தெரியும்.

நோணாங்குப்பத்துக்குப் பறந்தோம். நான் முன் சீட்டில், கண்ணாடிக்கு வெளியே தலை. வழியில் எந்த நீலத்தைக் கண்டாலும் "முசே, நீலம்!" என்று கத்தினேன். தண்ணீர் டிரம்மைக் காட்டினேன், ஒரு வீட்டுக் கதவைக் காட்டினேன். முசேயும் சளைக்காமல் டிரைவரிடம் காரை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். படகுத் துறையில் இரண்டு சக்கரம் வைத்த நீல இரும்பு ஒன்று கிடந்தது. நான் காரிலிருந்து குதித்து ஓடினேன். பார்த்தால் படகு இழுக்கிற வண்டி.

"ரேஸ் வண்டியா தேடுறீங்க?" என்று படகுக்காரர் ஒருவர் சிரித்தார். "நம்ம படகுல ஏறுங்க முசே, அதுவும் ரேஸ்தான். ஆனா பிரேக் கிடையாது."

மறுநாள் மாமா கனகசெட்டிக்குளம் என்றார். வடக்கே எல்லை வரைக்கும் போய்வந்தால் ஒரு நாள் கழியும் என்ற கணக்கு. "யாரோ ஒருத்தர் வெச்சிருக்கிறதா கேள்வி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அங்கே இறங்கி, யாரைக் கேட்பது என்று தெரியாமல், கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு நடுவே நடந்தார். நான் முன்னால் ஓடினேன். தென்னை மரங்களுக்குப் பின்னால் சக்கரமில்லாத ஒரு லாரிக் கூடு மண்ணில் புதைந்து நின்றது. உப்புக் காற்றில் தகரம் துருவேறியிருந்தது. ஆனால் கதவு மடிப்பில், விரல் அகலத்துக்கு, நீலம்!

"முசே! ஓடியாங்க!"

வந்த வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு மணலில் நின்றுவிட்டது. கதவைத் தொட்டார். உள்ளே ஏறி, வலைக் குவியலைத் தள்ளிவிட்டு, ஸ்டியரிங் இல்லாத இடத்தில் இரண்டு கையையும் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"யாருய்யா அது, எங்க வலைக்குள்ள?" என்று ஓர் அம்மாள் கூடையோடு வந்தாள்.

"இது என் லாரிம்மா."

"உன்னுதா? அப்ப ஓட்டிக்கினு போ, பாக்கலாம்!"

முசே விழுந்து விழுந்து சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. இறங்கி வந்து மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். டிரெய்லரையும் நீங்களே கண்டுபிடிச்சுக் குடுத்துடுவீங்க." நான் மணலில் குட்டிக்கரணம் போட்டேன். மாமா மட்டும் பேயடித்தவர் மாதிரி நின்றார். வாயில் வந்த பொய்யை அம்மன் மெய்யாக்கிக் கண்ணெதிரே நிறுத்திவிட்டாள் என்று அவர் நடுங்கியிருக்க வேண்டும். எனக்கோ, இவருக்கு ஏன் சந்தோஷப்படத் தெரியவில்லை என்று எரிச்சல்.

திரும்பி வந்து பட்டறை வாசலில் கார் நின்றது. இறங்கும்போது மாமா முசேயின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாசி மகத்தன்னிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எங்கம்மன் வருவா. நீங்க வரணும்."

"நான் கோயிலுக்கெல்லாம்..."

"வரணும் முசே. தூர நிக்கக்கூடாது. கிட்ட வந்து பாக்கணும்."

டிரெய்லர் கிடைக்க வேண்டிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார் என்று நான் நினைத்தேன்.

அந்த நாளை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. ஊர் ஊராகச் சாமிகள் வந்து கடலைப் பார்த்து நின்றார்கள். பம்பையும் நாதஸ்வரமும் அலையும் ஒன்றாகக் கேட்டன. நான் மஞ்சள் பாவாடையில் அம்மன் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கீழே கைகூப்பி நடந்து வந்தாள். மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, மாமா அடியிலிருந்து இரும்புப் பலகைகளைச் சரட்டென்று இழுத்தார்.

கூட்டத்தில் முசே நின்றிருந்தார். அந்தச் சத்தத்துக்குத் திரும்பினவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பூட்ஸைக் கழற்றினார். எல்லோரும் அம்மன் முகத்தைப் பார்க்க முண்டியடிக்க, அவர் மட்டும் வண்டியின் கொக்கிப் பக்கம் போய் மணலில் மண்டியிட்டு, கீழே கையை விட்டுத் தடவினார். மாமா வருஷா வருஷம் அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் குங்குமம் வைப்பார். விரல் சிவப்பாக வெளியே வந்தது. அந்த விரலை நெற்றியில் வைத்தார், நெஞ்சில் வைத்தார், இரண்டு தோளிலும் வைத்தார். வெள்ளைச் சட்டையில் சிவப்புப் பொட்டுகள் விழுந்தன. எதிரே மாமா கைகூப்பி நின்றார்.

முசே எழுந்து என்னைப் பார்த்தார். "குலுங்குதாம்மா?"

"இல்ல முசே. ஊஞ்சல் மாதிரி இருக்கு."

"அப்படித்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "டிரெய்லர்தான் கிடைக்கலையே! அடுத்து கடலூர்ல தேடலாம் முசே, எனக்கு இன்னும் லீவு இருக்கு."

"போதும்மா. தேடினது போதும்."

இத்தனை சீக்கிரம் விட்டுவிட்டாரே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து முசேயிடமிருந்து தபாலில் ஒரு போட்டோ வந்தது. முன்னால் ரேஸ் கார். பின்னால் அந்தக் கனகசெட்டிக்குளத்து லாரி, புதுச் சக்கரமும் பளபளவென்று நீலப் பெயிண்டுமாக. லாரிக்குப் பின்னால் வெறும் தரை, ஒரு டிரெய்லர் நீளத்துக்கு. "நடுவுல நிறுத்தி எடுக்கத் தெரியல மாமா, பாரு, பாதி போட்டோ வீண்" என்றேன். மாமா அதைக் கண்ணாடி போட்டுப் பட்டறைச் சுவரில், அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகு, வண்டிக்குப் புது வர்ணம் அடிக்கச் சுரண்டினார்கள். மஞ்சளுக்கு அடியில் நீலம் வந்தது. நான் பட்டறைக்குள் போய் அந்தப் போட்டோவின் முன்னால் நின்றேன்.

மாமா இப்போது இல்லை. பதக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குங்குமம் நான் வைக்கிறேன். பிரான்சிலிருந்து ஒருவன் வண்டியைத் தட்டிக்கொண்டு போக வந்தான், அம்மன் அவன் கண்ணை மறைத்துவிட்டாள் என்றுதான் தெருவில் சொல்கிறார்கள். அவர் பார்த்தார். தொட்டும் பார்த்தார், தெரிந்தேதான் விட்டுவிட்டுப் போனார். அம்மன் அருள் அங்கேதான் இருந்தது என்று நான் நம்புகிறேன். இதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், மாமாவின் பொய்யைக்கூடக் குறைக்க வேண்டாம். சொல்லும்போது அந்தப் போட்டோவில் இருக்கும் காலி இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.