பழியை இடம் மாற்றாத மெஹர்

செவ்வாய்க்கிழமை காலை, புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நிறைந்திருந்தபோது டாக்டர் மெஹருன்னிசாவின் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மெஹர் மவுத்தாயிட்டா" என்றார். இறந்தது எந்த மெஹர் என்று கேட்டேன். முந்தின நாள் மாலைதான் "காலையில பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனவர். தொழுகைக்கு எழுந்தவர் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். மூளையில் இரத்தக்கசிவு. நாற்பத்தாறு வயது. நானும் மருத்துவர்தான், இப்படி நேரும் என்று படித்திருக்கிறேன். படித்தது எதுவும் உதவவில்லை.

சேலத்தில் எங்கள் கண் மருத்துவமனையில் மரபணு ஆலோசனை அவருடைய பொறுப்பு. கண்ணே உருவாகாமல், அல்லது சிறுத்த கண்ணோடு பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் பேசுவது அவர்தான். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பள்ளிபாளையத்திலிருந்து ஒரு கைக்குழந்தை வந்தது. இரண்டு கண்மணியும் வட்டமாக இல்லை. சாவித்துளை போலக் கீழே இறங்கியிருந்தன. தாய் அதை மடியில் வைத்திருந்தாள். அவளுடைய மாமியார்தான் பேசினார்.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போவாதேன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேனுங்க. கேட்டாளுங்களா?"

தறி ஓட்டும் கணவர் தலை குனிந்திருந்தார். பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணை அவர்கள் திரும்ப அழைத்துக்கொள்ளவே இல்லை.

"கிரகணம் எத்தனாவது மாசம்மா?" என்றார் மெஹர்.

"ஏழுங்க."

"கண்ணு உருவாகும்போது அடியில ஒரு பிளவு இருக்கும். ரெண்டாம் மாசத்துக்குள்ள அது மூடிக்கணும். மூடச் சொல்றது மரபணு. அதுல மாற்றம் இருந்தா மூடாம நின்னுடலாம். ஏழாம் மாசத்துக் கிரகணத்துக்கு அங்க ஒரு வேலையும் இல்லம்மா."

பெற்றோர் இருவரின் கண்களையும் நான் பரிசோதித்தேன். தாய்க்கு ஒன்றுமில்லை. தந்தையின் இடது விழித்திரையின் கீழ்ப்பகுதியில் அதே பிளவு, சிறிதாக. பார்வை பாதிக்காததால் அவருக்கே தெரியாது. அந்த மாமியாரிடம் நானே சொல்கிறேன் என்று கோபத்தோடு கிளம்பினேன். மெஹர் என் கையைப் பிடித்தார். "ஒருத்தர் தலையிலேருந்து பழிய எடுத்து இன்னொருத்தர் தலையில வைக்கவா நாம இருக்கோம்?"

அவரே அந்தக் கணவரிடம் சொன்னார். "இது உங்க வழியா வந்திருக்கலாம். யாரும் செஞ்சதில்ல. யாராலயும் தடுத்திருக்கவும் முடியாது."

"என்ற பையன் கண்ணுலயே இருந்துச்சுங்களா?" மாமியாரின் குரல் இறங்கியிருந்தது.

"இருந்தும் நல்லாத்தானம்மா வளர்த்திருக்கீங்க."

கணவர் எழுந்து மனைவியிடம், "ஊட்டுக்குப் போலாம், வா" என்றார். அவள் அசையவில்லை.

"வர்றாங்களான்னு அவங்களக் கேளுங்க" என்றார் மெஹர்.

கணவர் கேட்டார். அவள் குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு, "வாரேனுங்க" என்றாள்.

செவ்வாய் மதியம் அவருடைய வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்தேன். தூங்குவது போலத்தான் இருந்தார். இன்னமும் அறைக்கதவு திறந்தால் அவர்தான் என்று நிமிர்கிறேன்.

பரிசோதனை முடிவைச் சொல்வதற்கு முன் மெஹர் தாயைத் தனியே அழைத்து ஒன்று கேட்பார். அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை, கண் சிறுத்த மகளோடு பனமரத்துப்பட்டியிலிருந்து வந்த பெண்ணிடம் முதன்முறையாகக் கேட்டேன்.

"உங்கள யார் என்னம்மா சொன்னாங்க?"



"எல்லாருந்தானுங்க" என்றாள்.