சங்கு ஊதியதும் குப்புறப் படுத்த கோயில்

ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு, முதலாளிகள் முஸ்லிம்கள் என்பதால், விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மற்ற நாட்களைப் போலத்தான். அதனால் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் காலைப் பூசைக்கு நடுவே, அடுத்த தெரு ஷாப்பின் சங்கு காது கிழிய ஊதும். ஊதி முடியும்வரை சாமியார் பிரசங்கத்தை நிறுத்திக்கொள்வார், நாங்கள் கொட்டாவி விடுவோம். எண்பதுகளின் நடுவில் ஒரு மாதம்தான் அந்தச் சங்குக்கு நாங்கள் குப்புற விழுந்து கிடந்தோம்.

எங்கள் பங்குச் சாமியார் குடலிறக்க ஆபரேஷனுக்காக வேலூரில் படுத்துவிட்டார். பதிலுக்கு வந்தவர் இலங்கைச் சாமியார். மன்னார்ப் பக்கத்திலிருந்து அகதிகளோடு படகில் வந்தவர். வெளுத்த அங்கி, ஒட்டிய கன்னம். சனிக்கிழமை மாலை வந்தார். மறுநாள் பிரசங்கத்தில் அவர் வாய் திறந்த சிறிது நேரத்தில் சங்கு ஊதியது. மனிதர் பீடத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

ஏசு இறந்த பெரிய வெள்ளிக்கிழமை சாமியார்கள் அப்படி விழுவது வழக்கம். ஆனால் அன்று சாதாரண ஞாயிறு. பூசை முறையெல்லாம் தெரிந்த கோயில் உபதேசியாரை எல்லோரும் பார்த்தார்கள். பாவம் அவர், லத்தீன் போய்த் தமிழ் வந்தபோதும் எதிர்த்தார், சாமியார் எங்கள் பக்கம் திரும்பி நின்று பூசை வைத்தபோதும் எதிர்த்தார், இரண்டு முறையும் மூக்குடைபட்டார். இந்த முறை ஏமாறக்கூடாது என்று அவரும் விழுந்தார். பிறகென்ன, மொத்தக் கோயிலும் விழுந்தது. ஹார்மோனியத்தைத் தள்ளிவிட்டு, கஞ்சி போட்ட புடவையோடு நானும் விழுந்தேன். ஷூ கம்பெனி டைப்பிஸ்ட் சம்பளத்தில் வாங்கிய புடவை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல.

சங்கு நின்றது. எழுந்த சாமியார், சனமெல்லாம் தரையில் கிடப்பதைப் பார்த்து வெளிறிப் போனார். இறங்கி வந்து ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆருக்கும் பட்டதோ? ஆருக்கும் காயமோ?"

"ஒன்னியும் இல்ல சாமி, தூசிதான்" என்றார் உபதேசியார்.

பூசை முடிந்ததும் வெளியே எல்லோரும் உபதேசியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா உபதேசியாரே இது, புதுசா?"

"ரோமாபுரி சட்டம். யுத்தத்துல செத்தவங்களுக்காவ" என்றார், கண் இமைக்காமல்.

அடுத்த ஞாயிறு ஆளாளுக்குப் பாய், கோணிப்பை. சங்கு ஊதியதும் சாமியாரோடு சேர்ந்து எல்லோரும் ஒழுங்காக விழுந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் மட்டும் சங்குக்கு முன்னாலேயே படுத்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலை சாமியார் பங்களாவுக்குப் போய், "இது இன்னா சட்டம் ஃபாதர்?" என்று நேராகவே கேட்டேன்.

"சட்டமில்லைப் பிள்ளை, பயம்" என்றார். "அங்க வெடிச்சத்தம் கேட்டா சனம் கோயிலுக்குள்ள ஓடிவந்து படுத்திடும். நான் அங்கியோட வாசல்ல நிப்பன். வெள்ளை அங்கியைக் கண்டா ஆமிக்காரன் உள்ளுக்கு வரமாட்டான் எண்டு ஒரு நம்பிக்கை. கனதரம் அப்பிடித் திரும்பிப் போயிருக்கிறாங்கள். கடைசித்தரம் நானும் விழுந்திட்டன். வாசல்ல ஒருத்தரும் இல்லை."

அங்கியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"மன்னார் ஆயர் திரும்பி வரச்சொல்லி ஆளனுப்பியிருக்கிறார். சங்குக்கு விழுகிறவன் அங்க போய் என்ன செய்யிறது?" என்றார். வரும் ஞாயிறு சனத்திடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

சொல்ல விடவில்லை சங்கு. அவர் தொண்டையைச் செருமியபோதே ஊதிவிட்டது. கோயில் முழுக்கப் பாய் விரிந்தது. நான் மட்டும் விழவில்லை. அதனால்தான் பார்த்தேன். அவர் முழங்கால் மடிந்தது. பீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குப்புறக் கிடந்த எங்கள் ஆட்களை ஒரு முறை பார்த்தார். பிறகு, தலைகளை மிதிக்காமல் நடுவே நடந்து போய், வாசலில் கைகளை விரித்துக்கொண்டு தோல் ஷாப்பைப் பார்த்து நின்றார். அங்கி நடுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சங்கு ஓயும் நேரம், பச்சைத்தோல் ஏற்றிய மாட்டுவண்டியை வாசலில் நிறுத்தி ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சாமி, உள்ள இருக்கறவங்களுக்கு இன்னா ஆச்சு?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்றார் சாமியார். அதையே இன்னொரு முறையும் சொன்னார்.

அந்த வாரமே கிளம்பிவிட்டார். ராமேஸ்வரம் பக்கம் போய்ப் படகு ஏறினார் என்று கேள்வி. அப்புறம் எந்தத் தகவலும் வரவில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த எங்கள் சாமியாரிடம் யாரும் எதையும் சொல்லி வைக்கவில்லை. அவருடைய முதல் ஞாயிறு சங்கு ஊதியது, எல்லோரும் படுத்தார்கள். "எழுந்திருங்க, இன்னா கூத்து இது?" என்று பீடத்திலிருந்து அவர் கத்தினார். சங்குச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. ஹார்மோனியத்தை மூடிவிட்டு அங்கே போய் நின்றேன்.