வாய் நிறைய வெற்றிலை

பூண்டு லாரிக்குப் பின்னால் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தான் என் மகன். மலை ரோட்டு வளைவில் அதை முந்தியதும், "இப்பத் தெரியும் பாரும்மா இவனுக்கு" என்று வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தான். லாரி கிறீச்சிட்டு, எங்களை இடிக்காமல் ஒரு முழத் தூரத்தில் நின்றது. கார் ஜன்னல் வழியே பூண்டு வாடை வந்தது.

அறுபதுகளில் அப்பா பூம்பாறையிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஓட்டிய லாரியிலும் இதே வாடைதான். பள்ளி விடுமுறையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். பின்னால் எவனாவது பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தால், அப்பா மடித்து வைத்திருந்த வெற்றிலையை எடுத்து வாயில் அதக்கிக்கொள்வார். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடுவார்.

ஒருநாள் அப்படி ஒதுங்கி நின்றபோது, பின்னால் வந்த பிளஷர் கார்க்காரர் இறங்கி வந்து அப்பாவின் பிறப்பையே இழுத்துத் திட்டினார். அப்பா மென்றுகொண்டே இருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டா என்ன?"

கார் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எட்டித் துப்பினார்.

"கேட்டா, அவன் ரோசத்துல முன்னால போயி பிரேக்கப் போடுவான் ஆத்தா. எறக்கத்துல இம்புட்டுப் பாரத்தோட நம்ம வண்டி நிக்குமா? நீ வேற உள்ள உக்காந்திருக்க."

அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மகன் சிரித்தபடி மறுபடி கியரைப் போட்டான்.

"ஓரமா நிறுத்துடா."

"எதுக்கும்மா?"

"நீ போ. நான் அந்த லாரியில வர்றேன்."